சக்கரத்துக்குக் கட்டை

அப்பாவின் ஜீப்பில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவில் சாக்கை மடித்துப் போட்டு, கியர் கம்பிகள் மூன்றும் முழங்காலில் இடிக்க உட்கார வேண்டும். மடியில் ஒரு கட்டை இருக்கும். வேலமரத்தில் ஆப்பு மாதிரி செதுக்கியது. ஒரு முனை என் தொடை அளவு பருமன், மறுமுனை கைவிரல் அளவு. ஏற்றத்தில் வண்டி திணறி நின்றாலும், இறக்கத்தில் எதிர்வண்டிக்கு ஒதுங்கி நின்றாலும், பின்னால் தொங்கிக்கொண்டு வரும் பையன் குதித்து ஓடிவந்து அதை என்னிடம் வாங்கிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பான். பையன் வராத நாளில் அது என் வேலை. அப்போது எனக்கு எட்டு வயது, 1984.

கொடைக்கானலுக்குக் கீழே விரியும் பழனி மலைச் சரிவுகளில், தாண்டிக்குடியைத் தாண்டி மண்பாதையில் போனால் எங்கள் காப்பித் தோட்டம். சில்வர் ஓக் நிழலில் காப்பி, அந்த மரங்களிலேயே ஏறிய மிளகு, இடையிடையே மலைவாழை. பழுத்த குலையை வெட்டினாலும், காய வைத்த காப்பிக்கொட்டையைக் கட்டினாலும், எல்லாம் பட்டிவீரன்பட்டிக்கும் வத்தலக்குண்டுக்கும் இறங்கியாக வேண்டும். இறங்குவது என்றால் வெறும் பேச்சு இல்லை. ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம் கொண்டைஊசி வளைவுகளாகச் சுருண்டு கீழே போகும். மழைக்காலத்தில் பாதையைக் கடந்து ஓடைகள் ஓடும். சாயங்காலமானால் காட்டுமாடு வளைவில் நிற்கும். அது நகராது, நாம்தான் நிற்க வேண்டும்.

ஜீப் மகிந்திரா, 1964ஆம் வருஷத்து சிஜே-3பி. அரசாங்க ஏலத்தில் கைமாறி 1978ல் அப்பாவிடம் வந்தது. வில்லிஸ் நிறுவனத்தின் உரிமத்தில் இங்கே செய்த வண்டி. உயரமான பானெட். அதன் உள்ளே இருந்த ஹரிகேன் எஞ்சினில் உள்ளிழுக்கும் வால்வுகள் தலைக்குமேல் உட்கார்ந்திருந்ததால், அந்த உயரத்துக்கு ஏற்ப பானெட்டைத் தூக்கியிருந்தார்கள். ஸ்டீயரிங் இடது பக்கம். பின்பலகையில் ‘லெஃப்ட் ஹேண்ட் டிரைவ்’ என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கும். அப்பா ஓட்டும்போது அவருடைய இடது தோளுக்கு வெளியே பாதையின் விளிம்பு. இறங்கும்போது பல இடங்களில் அந்த விளிம்புக்கு அப்பால் ஒன்றுமே கிடையாது.

எஞ்சினில் முன்னேற்றம் வந்திருந்தது, பானெட் உயர்ந்திருந்தது. பிரேக் மட்டும் அப்படியே. இரண்டாம் உலகப்போருக்காக 1941ல் வந்த படை ஜீப்பில் இருந்த அதே ஒன்பது அங்குல ட்ரம், அதே ஒன்றே முக்கால் அங்குல அகலத்து லைனர். அந்தப் படை ஜீப் வெறும் வண்டியாக ஆயிரத்துச் சொச்சம் கிலோதான். சமவெளியில், நாற்பது மைல் வேகத்தில், நாலு சிப்பாய்களோடு ஓடும் வண்டிக்கு ஒன்பது அங்குலம் தாராளம். ஐம்பது கிலோ மூட்டை பத்து, அதன்மேல் ஆறு ஆட்கள், பின்னால் வாழைத்தார் கட்டு என்று மலையிறங்கும் வண்டிக்கு அது போதாது என்பது அப்பாவுக்குத் தெரியும். அந்த மலையில் ஜீப் வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் கட்டை.

அப்பா இறங்கும் முறை ஒன்று உண்டு. மேலே, பாதை சரிய ஆரம்பிக்கும் இடத்திலேயே வண்டியை நிறுத்தி இரண்டாவது கியரில் போட்டுக்கொள்வார். செங்குத்தான இடத்தில் நாலு சக்கரத்தையும் சேர்த்து லோவில் தள்ளுவார். ஏறும்போது எந்தக் கியரோ இறங்கும்போதும் அதே கியர் என்பது அவர் விதி. வண்டியை எஞ்சின்தான் பிடித்திழுக்க வேண்டும், கால் பிரேக் கடைசிக்குத்தான். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்களைப் பார்த்தால் அவர் முகம் சுருங்கிவிடும். பாதி இறக்கத்தில் ஒரு மாமரத்தடி இருந்தது. அங்கே பத்து நிமிஷம் நிறுத்துவார். நான் கட்டை போடுவேன். அவர் ட்ரம்மின் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய், தொடாமலே சூடு பார்ப்பார். நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்ப்பது போல இருக்கும்.

ட்ரம் பிரேக் வேலை செய்யும் விதத்தை எனக்குச் சொல்லித் தந்தது வத்தலக்குண்டில் பட்டறை வைத்திருந்த மாமா. அவர் ராவுத்தர். அப்பாவும் அவரும் ‘மாப்ள, மச்சான்’ என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அதனால் எனக்கு அவர் மாமா. சக்கரத்தோடு சுற்றும் ஒரு இரும்புச் சட்டி. உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூ. மேலே ஒரு சின்ன சிலிண்டர். பெடலை மிதித்தால் ஆயில் அந்த சிலிண்டருக்குள் வந்து இரண்டு பிஸ்டன்களை வெளியே தள்ளும், அவை ஷூக்களை விரித்துச் சட்டியின் உட்சுவரில் அழுத்தும். இதில் ஒரு நுட்பம் உண்டு. வண்டி முன்னால் போகும்போது, சுற்றும் ட்ரம் முன்பக்கத்து ஷூவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் இன்னும் இறுக்கமாகத் தன்மேலேயே ஒட்டவைத்துக்கொள்ளும். நாம் மிதிப்பதைவிட அதிகமாகப் பிடிக்கும். பின்பக்கத்து ஷூவை அதே சுழற்சி தள்ளிவிடப் பார்க்கும். ஆகையால் முன்னது சீக்கிரம் தேயும், பின்னது மெதுவாகத் தேயும். “முன்னால நிக்கிறவன்தான் அடி வாங்குவான் பாப்பா” என்பார் மாமா.

இந்தத் தானே இறுக்கும் குணத்தால்தான் உதவிக்கு பூஸ்டர் எதுவும் இல்லாமலே ஒரு மனிதக் கால் ஜீப்பை நிறுத்த முடிந்தது. அதே குணத்துக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. இரண்டு முன்சக்கரத்திலும் லைனர் ஒரே மாதிரி உரசாவிட்டால், அந்தச் சின்ன வித்தியாசத்தையும் அது பெருக்கிவிடும். ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ந்திருக்கிறது என்றால் வண்டி காய்ந்த பக்கம் திரும்பும். ஓடையைக் கடந்ததும் அப்பா இடதுகாலால் பிரேக்கை லேசாக அழுத்தியபடியே ஐம்பதடி ஓட்டுவது இதற்காகத்தான். சட்டிக்குள் புகுந்த தண்ணீரைச் சூட்டில் விரட்ட வேண்டும்.

1987 கார்த்திகை. காப்பிப்பழம் எடுக்கும் காலம். அன்று பின்னால் மூட்டைகளும், சந்தைக்குப் போகிற மூன்று பெண்களும். பையன் வரவில்லை, கட்டை என் மடியில். மாமரத்தடியில் நின்று கிளம்பினோம். அதற்குக் கீழே இரண்டாவது வளைவில் கல்லுச்சுவரை ஒட்டி மாடு ஒன்று குறுக்கே வந்தது. காட்டுமாடு இல்லை, வீட்டுப் பசு. அப்பா மிதித்தார். பெடல் பாதிவரை கனமாகப் போனது, பிறகு கனமே இல்லாமல் கீழே போய் இரும்பில் ‘டக்’ என்று முட்டியது. அந்தச் சத்தத்தை இப்போதும் என்னால் கேட்க முடியும். அதே நொடியில் வண்டி வலது பக்கம் இழுத்தது. அப்பா டேஷ்போர்டில் இருந்த கைப்பிரேக்கை இழுத்தார். அது சக்கரத்தைப் பிடிக்கிற பிரேக் இல்லை. கியர்பெட்டிக்குப் பின்னால், பின்சக்கரத்துக்குப் போகும் தண்டைப் பிடிக்கும் ஒற்றை ட்ரம். வண்டி குலுங்கியது, நிற்கவில்லை. வலது பக்கம் மலைச்சுவர். அதில் மோதித்தான் நின்றது.

எனக்கு உதடு கிழிந்தது. அப்பாவுக்கு விலாவில் அடி. பின்னால் இருந்தவர்களில் ஒருவரின் காலில் இரண்டு மூட்டைகள் சரிந்து விழுந்தன. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. எங்கள் தோட்டத்தில் பழம் எடுக்க வருகிறவர், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கால் கூடியது, நேராகக் கூடவில்லை.

மறுநாள் மாமா பஸ்ஸில் வந்து, வளைவிலேயே வைத்து ட்ரம்மைக் கழற்றினார். இடது முன்சக்கரத்தில் லைனர் கறுப்பாக, எண்ணெயில் ஊறியதுபோல மின்னியது. சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் காக்கும் ரப்பர் வாசர் ஒன்று உதட்டில் கிழிந்திருந்தது. ஓர் அங்குலம் குறுக்களவு, ஒரு நாணயம் அளவுகூடப் பெரிது இல்லை. அதன் வழியே பிரேக் ஆயில் சொட்டுச் சொட்டாக லைனரில் இறங்கியிருக்கிறது. ஆயில் பட்ட லைனர் பிடிக்காது, அதனால் வண்டி வலது பக்கம் இழுத்தது. அழுத்தி மிதித்ததும் கிழிசல் முழுதாக வாய்திறக்க, மிச்ச ஆயிலும் போய்விட்டது. நாலு சக்கரத்துக்கும் ஒரே குழாய், அதில் ஆயிலைத் தள்ள ஒரே மாஸ்டர் சிலிண்டர். ஓர் இடத்தில் ஓட்டை விழுந்தால் நாலும் போச்சு.

மாமா வாசரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அப்பாவிடம், “மச்சான், இது வலது சக்கரத்துல கிழிஞ்சிருந்தா வண்டி இடது பக்கம் போயிருக்கும்” என்றார். இடது பக்கம் பள்ளம். அப்பா பதில் சொல்லவில்லை. சாலையோரம் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகும் இருபது வருஷம் அந்த ஜீப் ஓடியது. வருஷம் தவறாமல் மழைக்கு முன்னால் நாலு சிலிண்டரிலும் புது வாசர். கிழியாவிட்டாலும் மாற்றுவார். ஆனால் ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்குவதை அப்பா நிறுத்திவிட்டார். மூட்டை மட்டும்தான். அக்காவின் கால் செலவு முழுக்க அப்பாதான் பார்த்தார், உட்கார்ந்து செய்கிற வேலையாகக் கொட்டை பொறுக்கும் வேலையை அவருக்கு என்றென்றைக்கும் கொடுத்தார். அதனால் அப்பாவின் மனசு ஆறிவிடவில்லை. அக்கா சாய்ந்து சாய்ந்து களத்தைக் கடக்கும்போது அப்பா வேறு பக்கம் பார்ப்பார்.

2009ல் அப்பா போன பிறகு ஜீப் கொட்டகையில் நின்றது. தோட்டத்துக்கு ஒரு புது வண்டி வந்துவிட்டது. பழைய ஜீப் தேடுகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். எல்லாரும் பானெட்டைத் தட்டினார்கள், எஞ்சின் நம்பரைக் குனிந்து பார்த்தார்கள், ‘ஒரிஜினல் அப்படியே இருக்கு’ என்றார்கள். ஒருவர்கூடச் சக்கரத்துக்குள் இருப்பதைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருவர் கொடைக்கானல் விடுதியில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போக வாங்குவதாகச் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விற்பதில்லை என்று முடிவு செய்தேன். ஓட்டுவதென்றால் பிரேக்கை மாற்றித்தான் ஓட்டுவது என்றும். அது 2012.

மாமாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. பட்டறையை மகன் பார்த்துக்கொண்டார், மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

மகன் டிஸ்க் பிரேக் போடலாம் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டிஸ்க் திறந்தவெளியில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறும், தண்ணீரை உதறிவிடும். சூட்டில் ட்ரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், அதனால்தான் நீண்ட இறக்கத்தில் பெடல் கீழே கீழே போகும். டிஸ்க் விரிந்தால் பேடை நோக்கித்தான் விரியும். இதெல்லாம் உண்மை. எனக்கும் முதலில் ஆசை வந்தது.

ஒரு நாள் சாயங்காலம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமையோடு 1,700 கிலோ வண்டி, ஆயிரம் மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கத்தில் விடுபடும் சக்தி, அறை வெப்பத்தில் இருக்கும் ஐம்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. ஒரு பெரிய அண்டா. அதில் ஒரு பகுதியை எஞ்சின் எடுத்துக்கொள்ளும், கொஞ்சம் காற்றில் போகும். மிச்சம் அத்தனையையும் நாலு சட்டிகள் விழுங்கியாக வேண்டும். அப்பா மாமரத்தடியில் புறங்கையால் அளந்தது இதைத்தான்.

மாமா டிஸ்க் வேண்டாம் என்றார். பிடிவாதத்தில் சொன்னதாக முதலில் நினைத்தேன். அவர் வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து என்னையும் படுக்கச் சொன்னார். இந்த ஜீப்பில் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலுக்கு அடியில், தரைத்தகட்டுக்குக் கீழே இருக்கிறது. சக்கரத்து சிலிண்டர்களைவிடத் தாழ்வான இடம். சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்வும் கேலிபரை மாட்டினால், பெடலை விட்டதும் ஆயில் கீழே திரும்பி ஓடிவரும், அடுத்த மிதிக்கு பெடல் வெறுமையாகப் போகும். அதைத் தடுக்கச் சிறு அழுத்தத்தை மட்டும் பிடித்துவைக்கும் வால்வு ஒன்று வேண்டும். மாறாக, பழைய ட்ரம் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஏற்கெனவே ஒரு வால்வு இருக்கிறது. ரப்பர் வாசர்களின் உதடு சுருங்காமல் இருக்க அது ஆயிலில் எப்போதும் கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தை வைத்திருக்கும். ட்ரம்மில் ஸ்பிரிங் ஷூவை இழுத்துக்கொள்வதால் பாதகமில்லை. டிஸ்க்கில் அப்படி இழுக்க ஸ்பிரிங் கிடையாது. அந்த அழுத்தம் பேடை உரசிக்கொண்டே இருக்கவைக்கும், சும்மா ஓடும்போதே சூடேறும். எனவே மாஸ்டரை மாற்ற வேண்டும், வால்வுகளை மாற்ற வேண்டும், முன்னுக்கும் பின்னுக்கும் அழுத்தத்தைப் பங்கிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, கேலிபரைத் தாங்க நாமே தகடு வெட்டி பிராக்கெட் செய்ய வேண்டும்.

“செய்யலாம் பாப்பா, செய்யத் தெரிஞ்சவன் செய்யலாம். நான் வெட்டுன தகட்டுல நாளைக்கி யாரோட கால் தொங்கும்னு எனக்குத் தெரியாது” என்றார் மாமா.

அவர் சொன்ன வழி, இதே வண்டியின் வம்சத்தில் பின்னால் வந்த ஜீப்களின் பதினொரு அங்குல ட்ரம்மை நாலு சக்கரத்துக்கும் போடுவது. ஒன்பதிலிருந்து பதினொன்று என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் உரசும் இடம் அச்சிலிருந்து தள்ளிப் போவதால், அதே அழுத்தத்துக்குப் பிடிமானம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுகிறது. லைனரின் அகலமும் ஒன்றே முக்காலிலிருந்து இரண்டு அங்குலம் ஆகிறது. உரசும் பரப்பு ஏறக்குறைய நாற்பது சதவீதம் அதிகம். சட்டியின் இரும்பும் அதிகம், அது விழுங்கும் சூடும் அதிகம். பதினாறு அங்குல ரிம்முக்குள் இடமும் இருக்கிறது. எங்கும் பற்றவைக்க வேண்டாம். என்னால் ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை.

சாமான் தேடிச் சென்னை புதுப்பேட்டைக்குப் போனோம். எழுபது வயதில் மாமா ரயிலில் உட்கார்ந்தே வந்தார். ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்துகளில் கழற்றிப்போட்ட வண்டிகளின் உறுப்புகள் ரகம்ரகமாகக் குவிந்திருக்கும். மாமா ஒவ்வொரு ட்ரம்மையும் ஒரு கையில் தூக்கிப்பிடித்து மறுகையில் சின்ன சுத்தியலால் தட்டுவார். கோயில் மணி மாதிரி நீளமாக ஒலித்தால் ஓரமாக வைப்பார். மண்பானை உடைந்த சத்தம் வந்தால் உள்ளே கீறல். பதினொரு ட்ரம் தட்டி நாலு தேர்ந்தார். பேக் பிளேட்டுகளை மட்டும் பழையதில் எடுத்தோம். சிலிண்டர், ஷூ, ஹோஸ், குழாய் எல்லாமே புதியது. அதில் நான் ஒரு பைசா மிச்சம் பிடிக்கவில்லை. மாமா பெருமையாக ஒன்று சொன்னார். நாட்டில் ஓடுகிற வண்டிகளை நிறுத்துவதில் பாதிப் பங்கு சென்னைக்கு உண்டாம். கணக்கு எப்படியோ, பாடியில் 1962லிருந்து பிரேக்ஸ் இந்தியா இருக்கிறது, லைனர் செய்கிற பெரிய ஆலைகளும் அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே வளர்ந்தன. நாங்கள் வாங்கிய பெட்டிகளில் பாதிக்குமேல் சென்னை முகவரிதான் அச்சிட்டிருந்தது.

கழற்றுவதற்கே நாலு நாள் ஆனது. இடது பக்கத்துச் சக்கர நட்டுகள் எதிர்த்திசையில் திரும்பும். ஓட்டத்தில் கழன்றுவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் அப்படிச் செய்தார்கள். அது தெரியாத பையன் ஒருவன் பாதி மரையைக் கெடுத்துவிட்டான். பின்சக்கரத்து ஹப் இன்னும் மோசம். ஆக்சில் முனை கூம்பாக இருக்கும், அதில் ஹப் இறுகிப் பிடித்திருக்கும். புல்லரை மாட்டி இறுக்குவதற்கு முன்னால், நட்டை முழுவதும் எடுக்காமல் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி விட வேண்டும். இல்லாவிட்டால் விடுபடும்போது ஹப் குண்டு மாதிரி பாயும். இறுக்கிவிட்டு ராத்திரி போய்விட்டோம். மறுநாள் காலை கதவைத் திறக்கும்போதே கொட்டகைக்குள் ‘டமார்’ என்றது. தானாக விட்டிருந்தது. மாமா சிரித்துவிட்டு, “அவனுக்கும் யோசிக்க ஒரு ராத்திரி வேணும்ல” என்றார்.

பழைய ட்ரம்களுக்குள் இருந்த தூசியை நான் ஈரத்துணியால் துடைத்துத் தனியாகக் கட்டிப் புதைத்தேன். அந்தக் காலத்து லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. மாமாவும் அவர் தலைமுறை மேஸ்திரிகள் எல்லாரும் அதை வாயால் ஊதித்தான் சுத்தம் செய்தார்கள். மாமாவுக்குப் பல வருஷமாக இருமல். அது எதனால் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் பட்டறையில் இருந்த மூன்று பையன்களையும் நிற்கவைத்து, இனி ட்ரம்முக்குள் ஊதவே கூடாது என்று சத்தியம் வாங்கினேன்.

முன்பக்கம் சொன்னபடியே ஆறு போல்ட்டில் உட்கார்ந்தது. பின்பக்கம்தான் மல்லுக்கட்டு. ட்ரம்மின் விளிம்பு பேக் பிளேட்டில் ஓரிடத்தில் உரசியது. லேத்தில் ஒரு மில்லிமீட்டர் இறக்கினார்கள், பத்தவில்லை, இன்னும் அரை இறக்கினார்கள். ட்ரம் நாலையும் உட்புறம் கடைந்து, அளவு வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஆனால் உண்மையான வேலை அதற்குப் பிறகு வந்தது. கடைந்த ட்ரம்மின் வளைவும் புது லைனரின் வளைவும் ஒன்றாக இருக்காது. நடுவில் மட்டும் தொட்டால் பாதி லைனர் சும்மா இருக்கும். நுனியில் மட்டும் தொட்டால் கவ்விக்கொண்டு அலறும். மாமா பள்ளிக்கூடத்துச் சாக்பீஸை ட்ரம்முக்குள் முழுக்கத் தேய்த்து, ஷூவை வைத்து ஒரு தரம் அழுத்தித் திருப்பி எடுப்பார். லைனரில் வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கே மேடு. அதை நனைத்து உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடியும் சாக்பீஸ். எட்டு ஷூ. நான் இரண்டு நாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதை மட்டும் செய்தேன். கடைசி ஷூவில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மெல்லிய வெண்மை சீராகப் படிந்து வந்தபோது, அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேலையின் அழகு என்று சொன்னால் எனக்கு அந்த வெண்மைதான் நினைவுக்கு வரும்.

மாஸ்டர் சிலிண்டரில் நான் பிடிவாதம் பிடித்தேன். ஒற்றைச் சிலிண்டர் வேண்டாம், இரட்டை வேண்டும். முன் சக்கரங்களுக்குத் தனிக் குழாய், பின் சக்கரங்களுக்குத் தனிக் குழாய். ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். அமெரிக்காவில் 1960களின் பிற்பாதியிலேயே புதுக் கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கள் ஜீப் பிறந்து நாலைந்து வருஷத்துக்குள். கடைக்காரர் முதலில் தந்தது முன்னால் டிஸ்க் உள்ள வண்டிக்கானது. மாமா ஒரு தீக்குச்சியை ஆயில் துவாரத்தில் விட்டுப் பார்த்து உள்ளே வால்வு இல்லை என்று கண்டுபிடித்து, திருப்பிக் கொடுத்தார். சரியானது ஒரு வாரம் கழித்து வந்தது. அது நீளமாக இருந்ததால் சேஸிஸ் சட்டத்தில் போல்ட்டில் மாட்டும் தாங்கி ஒன்றைக் கனத்த தகட்டில் செய்ய வேண்டியிருந்தது. இந்த ஒரு தகட்டை மாமா தன் கையாலேயே துளையிட்டார், யாரையும் தொட விடவில்லை.

கடைசியில் காற்று எடுக்கும் வேலை. ஆயில் அழுந்தாது, காற்று அழுந்தும். குழாய்க்குள் ஒரு குமிழ் இருந்தாலும் நம் மிதி அதை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். மாமாவால் குனிய முடியவில்லை. மகன் சக்கரத்தின் நிப்பிளில் ரப்பர் குழாயை மாட்டி, மறுமுனையை ஆயில் உள்ள பாட்டிலில் விட்டிருந்தார். நான் டிரைவர் இருக்கையில். சின்ன வயதில் அப்பா சக்கரத்துக்கு அடியில் இருக்க, காலெட்டாமல் நின்றுகொண்டே நான் மிதித்த அதே பெடல். மாமா நாற்காலியில் இருந்தபடி குரல் கொடுத்தார்.

“அடி... அடி... அடி... பிடி.”

பிடித்தேன். நிப்பிள் திறந்தது. பெடல் மெல்ல இறங்கியது. பாட்டிலில் குமிழ்கள்.

“விடாத. மூடுனப்புறம் விடு. ம்... விடு.”

தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்துப் பக்கத்துச் சக்கரம்வரை நாலும். புது ஆயில் டின்னை அப்போதுதான் உடைத்தோம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக 205 டிகிரிக்கு மேல் கொதிப்பது, ஈரம் சேர்ந்தால் 140க்கே கொதித்து ஆவியாகும். ஆவி என்றால் மறுபடியும் காற்றுதான். எங்கள் மலையின் மழைக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும் என்று மாமா கொட்டகைச் சுவரில் கரியால் தேதி எழுதிவைத்தார். நாலாவது சக்கரம் முடிந்து மிதித்தபோது, பெடல் மூன்றில் ஒரு பங்கு போய்க் கல் மாதிரி நின்றது. அப்பாவின் காலுக்கு அது ஒரு நாளும் கிடைத்ததில்லை. நான் காலை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

முதல் வாரம் சமவெளியில் மட்டும். மெதுவான வேகத்தில் மெல்ல அழுத்தி, ஆறவிட்டு, மறுபடி அழுத்தி, லைனர் ட்ரம்மோடு பழகும்வரை. பிறகு மூட்டை ஏற்றி மலையில். வெறும் வண்டியாக இரண்டுமுறை, சுமையோடு ஐந்துமுறை. ஒவ்வொரு தடவையும் மாமரத்தடியில் நிறுத்திப் புறங்கையை நீட்டினேன். சூடு இருந்தது. ஆனால் கை அங்கேயே இருக்க முடிந்தது. இரண்டாவது கியரைவிட்டு நான் மாறவில்லை, இப்போதும் மாறுவதில்லை. ட்ரம் பெரிதானதால் மலை சின்னதாகிவிடவில்லை.

அடுத்த தை மாதம் அக்காவின் பேத்திக்கு வத்தலக்குண்டில் காதுகுத்து. பஸ்ஸுக்காக நொண்டிக்கொண்டு மெயின்ரோடுவரை நடக்கப் போகிறார் என்று தெரிந்து, ஜீப்பை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். இருபத்தைந்து வருஷமாக அந்த வண்டியில் ஆட்கள் யாரும் கீழே இறங்கியதில்லை. அக்கா வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என்ன மாற்றினோம் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையமர்த்திவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

மாமரத்தடியில் நின்றோம். சூடு பார்த்துவிட்டுக் கிளம்பினேன். அந்த இரண்டாவது வளைவு வருவதற்கு முன்னால் அக்கா கேட்டார்.

“கட்டை இருக்கா தாயி?”

இருக்கைக்கு அடியில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பழைய கட்டைதான், எண்ணெய் ஏறிக் கறுத்துப்போயிருந்தது. அவர் அதை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். வளைவில் மெல்ல மிதித்தேன். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராகக் குறைந்து, முற்றிலும் நின்றது. வலது பக்கம் கல்லுச்சுவரில் பழைய இடிபட்ட பள்ளத்தில் பாசி படர்ந்திருந்தது. அக்கா அதைப் பார்த்தார்.

“சரி, போ” என்றார்.

வத்தலக்குண்டு வரும்வரை கட்டை அவர் மடியிலேயே இருந்தது.